அஜ்மீரில் கட்டாத நூல்

ஆசியா பீவிக்கு நாற்பதாம் நாள் ஓதி முடித்தாயிற்று. வந்தவர்கள் அவளைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டுப் போனார்கள். இடியாப்பம் பிழிவதில் அவளைப்போல் யார், பசி என்று வந்தவனை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறாளா, இந்தச் சூலியா தெருவிலிருந்து அஜ்மீர் வரைக்கும் போய் நேர்ச்சையை முடித்துவிட்டு வந்த பெண்பிள்ளை வேறு எவள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்புறம் எல்லோருமாக என் பக்கம் திரும்பினார்கள். "ஜபருல்லா அண்ணே, கூட்டிட்டுப் போனது நீங்கதானே, அந்தக் கதையைச் சொல்லுங்கலா" என்றார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்தேன்.

பொய். என் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. பினாங்கில் முப்பது வருஷமாக ஜவுளிக்கடையில் நின்று கத்தி விற்ற தொண்டை அது. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். சொல்ல முடியாததை எழுதியாவது தொலைக்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆசியா பீவி பினாங்கின் ஓரத்தில் ஜெலுத்தோங்கில் பிறந்தவள். அவள் அத்தா மாட்டுவண்டி ஓட்டினார். பதினாறு வயதில் யூசுப்புக்குக் கட்டிக் கொடுத்தார்கள். யூசுப் துறைமுகத்தில் தொங்கான் படகுக்காரன். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சாமான் ஏற்றி இறக்குகிறவன். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. நான் தனிக்கட்டை. அந்த வீட்டின் முன்னறை எனக்கு வாடகைக்கு. காலையில் அவள் பிழிகிற இடியாப்பம் காப்பிக்கடைகளுக்குப் போகும் முன்பு முதல் தட்டு எனக்கு வரும். என் துணியும் அவள் கையில்தான் வெளுக்கும். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அவள் தங்கச்சி.

அவளுக்கு வரிசையாக மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் போய்விட்டன. ஒன்றுகூட முதல் வருஷத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது போன அன்று அவள் அழவில்லை. மாவு சலித்துக்கொண்டே இருந்தாள். சலித்த மாவையே திரும்பச் சலித்தாள். யூசுப் வந்து கையைப் பிடித்து நிறுத்தும்வரை சலித்தாள்.

அந்தச் சமயம் வடநாட்டுப் பக்கீர் ஒருவர் எங்கள் சந்தில் கொஞ்ச நாள் தங்கியிருந்தார். அஜ்மீரில் காஜா நாயகத்தின் தர்காவில் சலவைக்கல்லில் துளைத்துளையாகச் செதுக்கிய சாளரங்கள் உண்டு, மனதில் நினைத்துக்கொண்டு அதில் நூல் கட்டினால் நினைத்தது நடக்கும், நடந்த பிறகு திரும்பப் போய் ஒரு நூலை அவிழ்த்துவிட வேண்டும் என்று அவர் பெண்களிடம் சொல்லியிருந்தார். 1920ஆம் வருஷம், என் முதலாளி பம்பாயில் துணி பார்த்துவர என்னை அனுப்பினார். பம்பாய் வரை போகிறவன் அஜ்மீர் போகாமலா இருப்பான் என்று சந்தே முடிவு கட்டியது. நானும் "அதுக்கென்ன, போறதுதானே" என்றேன்.

கிளம்புகிற அன்று ஆசியா பீவி ஒரு பச்சைப் பட்டு நூலைக் கொடுத்தாள். அதன் நுனியில் அவளுடைய நீலக் கைலியிலிருந்து கிழித்த ஒரு நாடா. நூலில் மூன்று முடிச்சு.

"மூனும் போன மூனுக்கும் அண்ணே. நாலாவது முடிச்ச நான் போடல. நீங்க அங்க கட்டுறதுதான் நாலாவது."

"கட்டிடறேன் தங்கச்சி" என்றேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். நான் பங்சாவான் பைத்தியம். பினாங்குக் கொட்டகையில் எந்தப் பங்சாவான் நாடகம் வந்தாலும் முன்வரிசையில் ஜபருல்லா இருப்பான். அந்த நாடகமே ஒரு காலத்தில் பம்பாய்ப் பார்சிக்காரர்கள் கொண்டுவந்து காட்டியதைப் பார்த்து மலாய்க்காரர்கள் பழகிக்கொண்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். பம்பாயில் துணி வேலை சீக்கிரம் முடிந்தது. தெற்கே போய்க் கப்பல் பிடிக்க வேண்டிய நாளுக்கு நடுவில் ஒன்பது நாள் கையில் இருந்தது. அஜ்மீர் போய்வர நாலு நாள் போதும். முதல் நாள் சாயங்காலம், ரயிலுக்கு விசாரிக்கப் போன வழியில், ஒரு கொட்டகை வாசலில் நின்றேன்.

உள்ளே போனால் எல்லாம் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. அதே எழுதிய திரை, அதே அரண்மனை, அதே கோமாளி. பினாங்கில் மலாய் வார்த்தையில் கேட்ட மெட்டை இங்கே இந்துஸ்தானியில் பாடினார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் கதையில் ஒரு இடத்தில்கூட எனக்கு வழி தவறவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கு ரயில் ஏறலாம் என்று நினைத்தேன். மறுநாள் வேறு நாடகம். அதற்கு மறுநாள் இன்னொரு கொட்டகை. ஒன்பது நாளும் அப்படியே போயிற்று. இடைவேளைகளில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன், நூல் பத்திரமாக இருக்கிறதா என்று. பத்திரமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் தெருவில் அஜ்மீர் தர்காவின் வண்ணப்படம் ஒன்று விற்றார்கள். வாங்கினேன். படத்தில் வெள்ளைக் குவிமாடம், சாளரம், பக்கத்தில் ஒரு மரம், மரத்தில் ஒரு பச்சைக்கிளி. ஏன் வாங்கினாய் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் தங்கச்சிக்கு அன்பளிப்பு என்று சொல்லியிருப்பேன். திருட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

பினாங்கில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

"கட்டினீங்களா அண்ணே?"

"கட்டினேன்."

இவ்வளவுதான் நடந்தது. இல்லை என்று சொல்ல அந்த இடத்தில் ஒரு மூச்சு போதும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் முடியவில்லை. எந்த இடத்தில் என்று கேட்டாள். படத்தை விரித்துக் காட்டி, மரத்தை ஒட்டிய சாளரம், கீழிருந்து மூன்றாம் வரிசை, ஓரத்துத் துளை என்றேன். ஒன்றைச் சொன்னதும் அடுத்தது தானே வந்தது. நான் கட்டும்போது இந்தக் கிளி மாதிரியே ஒன்று மரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது என்றேன். அவள் படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றே சுவரில் மாட்டினாள். நூலை நான் என் டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில், அந்துருண்டைகளுக்கு நடுவே போட்டுப் பூட்டினேன். தூக்கி எறிய மனம் வரவில்லை.

மறுவருஷம் ரொஸ்னா பிறந்தாள். ஒரு வயது தாண்டினாள். இரண்டு தாண்டினாள். சந்து முழுக்க எனக்கு அஜ்மீர் மாமா என்று பேர் வந்தது. குழந்தையை முதலில் என் மடியில் போட்டுவிட்டுத்தான் வெளியே தூக்கிப்போவார்கள். எனக்குக் கை கூசும். காப்பிக்கடையில் கதை கேட்பார்கள், சொல்வேன். தர்காவின் ரோஜாப்பூ வாசனையையும், சோறாக்கும் ராட்சதத் தேக்சாவையும் போய்வந்தவர்களிடம் கேட்டுக்கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். தர்காவில் நூல் கட்டுவதெல்லாம் மார்க்கத்தில் இல்லாதது என்று அப்போது இளவட்டங்கள் சிலர் ஊரில் பேச ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளை தருகிறவன் அல்லாஹ், நூலில் என்ன இருக்கிறது என்று அறையில் தனியாக எனக்கு நானே பிரசங்கம் பண்ணுவேன். வெளியே வந்து சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தால் பிரசங்கம் நின்றுவிடும்.

ரொஸ்னாவுக்குப் பத்து வயது ஆனபோது ஆசியா பீவி சொன்னாள்: "அண்ணே, புள்ளைக்குப் பத்து வயசானா கூட்டிட்டு வந்து நானே அவுக்கிறேன்னு அன்னைக்கே நேந்துருக்கேன். போவணும்."

கடல் கொந்தளிக்கும் என்றேன். வடக்கே குளிர் கொல்லும், பாஷை தெரியாது, ரயிலில் திருடன் என்றேன். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: "நீங்க கூட வர்றீங்கள்ல." தாலிக்கொடியை விற்றுவிட்டாள். யூசுப்பும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டான். நான் போகாவிட்டாலும் அவர்கள் போவார்கள், போய் அந்த மூன்றாம் வரிசையில் தேடுவார்கள். பெட்டியைத் திறந்து நூலை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கப்பலில் எப்படியும் சொல்லிவிடுவது என்று தீர்மானம்.

கப்பல் தளத்தில் இரண்டாம் நாள் ஆரம்பித்தேன். "தங்கச்சி, ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணே."

"அங்க ரொம்பக் குளிரும். போர்வை எடுத்துக்கிட்டியா?"

மூன்றாம் நாளும் ஆரம்பித்தேன். அன்று தலைவலித் தைலம் பற்றிக் கேட்டேன். ஆறாம் நாள் நாகப்பட்டினம் வந்துவிட்டது.

ஜெலுத்தோங்குக்கு அப்பால் எதையும் பார்க்காத பெண் எப்படி ஊர் பார்த்தாள் என்பதையும் எழுத வேண்டும். நாகப்பட்டினத்தில் கூலிக்காரனிடம் பழக்கத்தில் மலாயில் "தெரிமாகாசி" என்று நன்றி சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். மெட்ராஸ் ஸ்டேஷனில் விசாரித்தவர்களிடம் நாங்கள் பினாங்கு என்றதும் எங்களை மலாய்க்காரர் என்றார்கள். பம்பாயில் மதராசி என்றார்கள். "ஆளுக்கு ஒரு ஊரக் குடுக்குறாங்க, நமக்கென்னலா நட்டம்" என்றாள். ஆமதாபாத்தைத் தாண்டியதும் பச்சை குறைந்து மண் வெளுத்தது. பெரிய தலைப்பாகை ஆண்கள், முழங்கைக்கு மேலேயும் தந்த வளையல் அடுக்கிய பெண்கள் வண்டியில் ஏறினார்கள். ஒட்டகத்தைப் பார்த்து ரொஸ்னா கத்தியபோது அவள் அம்மாவும் சேர்ந்து கத்தினாள்.

இந்துஸ்தானி தெரியும் என்று இத்தனை வருஷம் மார்தட்டிய நான் பேச்சு வராமல் விழித்தேன். அவளோ கடைத்தெரு மலாயைத் தைரியமாக வீசினாள். ரொட்டி என்றாள், புரிந்தது. நாற்காலிக்குக் குருசி, சோப்புக்குச் சாபூன், உலகத்துக்குத் துனியா, சேதிக்குக் காபார் என்றாள், எல்லாம் புரிந்தது. வண்டிப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "அண்ணே, நம்ம பாசார்ல பேசுற பேச்சுல பாதி இங்கேருந்துதான் வந்திருக்கு!" என்று எனக்குக் கற்றுக்கொடுத்தாள். பம்பாய்க் கொட்டகையில் எனக்குக் கிடைத்த அதே சந்தோஷம் அவளுக்கு ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கிடைத்தது. அவள் அதற்காக யாரையும் ஏமாற்றவில்லை. அந்தச் சந்தோஷத்தை ஒரு வார்த்தையில் நான் எப்படி உடைப்பேன் என்று இன்னும் ஒரு சாக்கு எனக்குக் கிடைத்தது.

அஜ்மீரில் தர்கா வாசலில் செருப்பை எங்கே விடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. முன்னால் நடந்து இரண்டு தரம் தப்பான முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். "என்னண்ணே, பத்து வருசத்துல வழியே மறந்துபோச்சா?" என்று யூசுப் சிரித்தான். "சும்மா இருங்க, எவ்வளவு கூட்டம், யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்" என்று அவள் எனக்காகப் பரிந்து பேசினாள். அந்தப் பேச்சுக்குப் பதிலாக அவள் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

சாளரம் இருந்தது. மரமும் இருந்தது. ஆனால் துளைகளில் தொங்கிய நூல்களை யார் எண்ணுவது? ஆயிரக்கணக்கில், ஒன்றின்மேல் ஒன்றாக, வெயிலில் வெளுத்து, மழையில் இறுகி, தூசி படிந்து, எல்லாம் சாம்பல் நிறம். அவள் கீழிருந்து மூன்றாம் வரிசையில் ஓரத்துத் துளையின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு நூலாக விரலால் பிரித்துப் பார்த்தாள். அங்கே இருந்த பணியாளர் ஒருவர் வந்து, கட்டியதையே தேட வேண்டாம், யாருக்கும் அது கிடைக்காது, ஏதாவது ஒன்றை அவிழ்த்தால் போதும் என்று கையாலும் வாயாலும் விளக்கினார். நான் அவசரமாக அதைத் தமிழில் சொன்னேன். ஆமாம் தங்கச்சி, அதுதான் வழக்கம், ஏதாவது ஒன்று போதும் என்று கெஞ்சினேன்.

"இல்லண்ணே. மத்தவங்களுக்கு எடம் தெரியாது. நமக்குத் தெரியும்ல? நீங்க பாத்துப் பாத்துக் கட்டியிருக்கீங்க. இருக்கும்."

இரண்டு நாள் தேடினாள். சாப்பிட எழுந்திருக்கவில்லை, நகக்கண்ணில் ரத்தம் கட்டியது. ரொஸ்னா மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிளியைத் தேடினாள். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து, நூல் கிடந்த சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு, இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பதை அந்த இரண்டு நாளில் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும், தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த நேரத்தில், அவர்கள் வருவதற்குள் போய் நூலைக் கட்டினேன். மூன்றாம் வரிசை, ஓரத்துத் துளை. பத்து வருஷமாக ஓடியாடித் திரிகிற பிள்ளைக்கு அன்றுதான் நாலாவது முடிச்சு விழுந்தது. பழைய நூல்களை இழுத்து அதன்மேல் மூடினேன். பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன், வெட்கமில்லாமல்.

அவள் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் "இருக்கு!" என்று கத்தினாள். யூசுப் ஓடினான், ரொஸ்னா ஓடினாள், நானும் ஓடினேன். நீல நாடா, மூன்று முடிச்சு. அழுதுகொண்டே அவிழ்த்தாள். அவிழ்த்த நூலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள முகத்தருகே கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சுற்றிலும் அத்தனை நூலும் சாம்பலாகக் கிடக்க, அது ஒன்று மட்டும் நேற்று சாயம் தோய்த்ததுபோல் பச்சையாக இருந்தது. அதில் அந்துருண்டை வாசனை. என் பெட்டியின் வாசனை. பத்து வருஷமாக என் துணியைத் துவைத்தவளுக்கு அது தெரியாதா?

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"உம்மா, இதான் என் நூலா? ஒன்னுமே ஆகல, புதுசா இருக்கு!" என்றாள் ரொஸ்னா. "கிளி எங்க மாமா?"

அவள் உம்மாதான் பதில் சொன்னாள்: "கிளி பறந்துருக்கும்மா." பிறகு நூலைச் சுருட்டி என் கையில் வைத்தாள். "நீங்களே வெச்சிருங்க அண்ணே. இத்தனை வருசம் பத்திரமா இருந்துச்சில்ல."

யூசுப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் பூ வாங்கப் போனான்.

திரும்பி வந்து ஏழு வருஷம் அவள் இருந்தாள். முதல் தட்டு இடியாப்பம் எனக்கு வராத நாள் கிடையாது. துணி வெளுக்காத வாரம் கிடையாது. அண்ணே என்று கூப்பிடுவது குறையவில்லை. ஆனால் யாராவது அஜ்மீர்க் கதை கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். சுவரில் இருந்த படத்தைக் கழற்றவும் இல்லை. அவள் ஒரு தரம் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் திட்டவில்லை, நானும் விழவில்லை. ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று யார் நம்புவார்கள்? இரண்டு மாதத்துக்கு முன்பு காய்ச்சலில் படுத்தாள். கடைசி நாட்களில் அறை வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். நன்றாகத் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் சாக்கு.

நாற்பதாம் நாள் ஓதி எல்லோரும் போன பிறகு ரொஸ்னா என் அறைக்கு வந்தாள். இப்போது அவள் கட்டிக்கொடுத்த பெண். மாப்பிள்ளையோடு இங்கேயே பினாங்கில், கெலுகோரில் இருக்கிறாள்.

"மாமா, உம்மா உங்ககிட்ட ஒன்னு சொல்லச் சொன்னாங்க. அஜ்மீர்லேருந்து கிளம்புன அன்னைக்குக் காலையில உம்மாவும் போய் ஒரு நூல் கட்டிட்டு வந்தாங்களாம். காச்சல்ல கெடந்தப்பதான் எங்கிட்ட சொன்னாங்க. 'மாமா ஒரு நாள் உங்கிட்ட ஒன்னு சொல்லுவாரு. சொல்லிட்டாருன்னா நீ போய் அத அவுத்துடு'ன்னாங்க. என்ன மாமா சொல்லப் போறீங்க?"

தொண்டை கட்டியிருக்கிறது என்றேன், அவளிடமும். அவள் ஓடிப்போய் மிளகுக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தாள். அதையும் வாங்கிக் குடித்தேன்.

அதனால்தான் இந்தக் காகிதம். முதலில் படிக்க வேண்டியவள் ரொஸ்னா. பச்சை நூலை இதோடு வைக்கிறேன். அது என்னிடம் இருக்க வேண்டியதில்லை.

சொல்லிவிட்டேன் ரொஸ்னா. உன் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. உன் உம்மா கட்டியதை அவிழ்த்துவிடு. எந்தச் சாளரம், எத்தனையாவது வரிசை, என்ன நிறம் என்று மட்டும் என்னைக் கேட்காதே. நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாது.